மரணச் செய்தியும் மறைப்புத் திரையும்

ஓர் இறப்புச் செய்தி செவியில் விழுந்த மாத்திரத்தில் நம் நாவினின்றும் இரண்டு சொற்கள் புறப்படுகின்றன. முதலாவது, ‘இன்னாலில்லாஹி’ எனத் தொடங்கும் மீட்சி வாக்கியம். இரண்டாவது, ‘எப்படி?’ என்னும் வினா. முதலாவது படைத்தவனை நோக்கிச் செல்கிறது. இரண்டாவது, மய்யித்தைச் சுற்றி அமர்ந்திருக்கும் குடும்பத்தாரை நோக்கிச் செல்கிறது. வருவோர் ஒவ்வொருவரும் அதே வினாவைத் தொடுக்க, கணவனை இழந்த பெண்ணோ மகனை இழந்த தாயோ அதே விடையை மீண்டும் மீண்டும் சொல்லிச் சோர்ந்து போவதை நம் ஊர்களில் நாம் கண்டிருக்கின்றோம். அந்த வினா பரிவினால் எழுவதா, வெறும் ஆவலினால் எழுவதா என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இறந்தவர் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ நாள்தோறும் பேசி, இலட்சக்கணக்கானோர்க்கு அறிமுகமான ஒருவராக இருந்துவிட்டால், அந்த வினாவும் இலட்சம் நாவுகளிலிருந்து எழுகின்றது. என்ன நோய்? யார் உடனிருந்தார்? இறுதி நாளில் நடந்தது என்ன? ஏன் மறைக்கின்றார்கள்? இவற்றுக்கு விடை பெறும் உரிமை கேட்போர்க்கு உண்டா? விடையளிக்கும் கடமை குடும்பத்தார்க்கு உண்டா? ஒலிபரப்பாளர் சிலரின் முடிவையும், நம் மார்க்க மரபையும், நாட்டுச் சட்டத்தையும் அருகருகே வைத்து இதனை ஆராய்வதே நம் நோக்கம்.

குரல் வழி வந்த உறவு

தமிழ் நிலத்தில் வானொலியின் வயது ஏறத்தாழ நூறாண்டு. 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி பிறந்தது. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பெற்றது. கொழும்பு வானொலி 1949இல் ‘ரேடியோ சிலோன்’ ஆகி, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிற்று. அதன் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு கடலைக் கடந்து தமிழகத்தின் வீடுகளில் புகுந்தது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய பெயர்கள் இக்கரையிலும் வீட்டுப் பெயர்களாயின.

இந்தப் புகுதலை நாம் கருத்தூன்றி நோக்க வேண்டும். அந்நிய ஆடவர் எவரும் திண்ணையைத் தாண்டி வாராத கோஷா வீடுகளிலும் அறிவிப்பாளரின் குரல் அடுக்களை வரை சென்றது. அரிசி புடைக்கும் மூதாட்டியும் பாடம் படிக்கும் சிறுமியும் அந்தக் குரலைத் தம் வீட்டாரின் குரலாகவே ஏற்றனர். கடலோரப் பட்டினங்களில் மட்டுமன்று, உள்நாட்டுச் சிற்றூர்களிலும் இதுவே நிலை. திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. போரினால் பெயர்ந்து வந்த மூத்த தலைமுறையினர்க்கு அக்குரல்கள் இழந்துவிட்ட ஊரின் எச்சமாகவே நின்றன.

ஆயினும் இவ்வுறவு ஒருபுறச் சார்புடையது. கேட்பவர் அறிவிப்பாளரை அறிவார். அறிவிப்பாளர் கேட்பவரை அறியார். உறவினர் என்போர்க்கு உரிமைகள் உண்டென்றால் அவை கடமைகளைத் தொட்டு வருவனவாகும். சந்தூக்கைத் தோளில் சுமப்பவர், கபரில் இறங்கி உடலை வைப்பவர், அநாதைகளின் பள்ளிச் சம்பளத்தைக் கட்டுபவர், இவர்களே ‘எப்படி?’ என்று கேட்கத் தகுதியுடையோர். குரலால் மட்டும் உறவானோர் கடமையில் பங்கு கொள்ளாமல் செய்தியில் மட்டும் பங்கு கேட்கின்றனர். சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

அறிவிப்பும் மறைப்பும்

இஸ்லாமிய மரபு மரணத்தை ஊருக்கு அறிவிப்பதை ஊக்குவித்துள்ளது. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி இறந்த அன்றே அச்செய்தியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்து மக்களுக்கு அறிவித்து, அவர்களைத் தொழுகைத் திடலுக்கு அழைத்துச் சென்று ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். பள்ளிவாசலைக் கூட்டிவந்த ஓர் எளியவர் இறந்தபோது, இதை ஏன் பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று எண்ணித் தோழர்கள் இரவிலேயே அடக்கம் செய்துவிட்டனர். செய்தியறிந்த நபியவர்கள், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கபருக்கே சென்று தொழுதார்கள். மன்னராயினும் துப்புரவாளராயினும் இறப்புச் செய்தி சமுதாயத்துக்கு உரியது. ஜனாஸாத் தொழுகை சமுதாயத்தின் மீது சுமத்தப்பட்ட கூட்டுக் கடமையாதலால், செய்தி எட்டாமல் அக்கடமை நிறைவேறாது.

அதே மரபு, பெருமைக்காகவும் ஆரவாரத்துக்காகவும் இறப்பைப் பறைசாற்றும் அறியாமைக் கால வழக்கத்தைக் கண்டித்தது. ஆகவே அறிஞர்கள் அறிவிப்பு இருவகைப்படும் என்றனர். தொழுகைக்கும் துஆவுக்கும் மக்களைக் கூட்டும் அறிவிப்பு ஒன்று. இறப்பைக் காட்சியாக்கும் அறிவிப்பு மற்றொன்று. முன்னது நற்செயல், பின்னது விலக்கப்பட்டது.

இனி, ஊர் கூடிய பின் நடப்பதைக் காண்போம். வாசலில் நூற்றுக்கணக்கானோர் நிற்பர். மய்யித்தைக் குளிப்பாட்டும் இடத்திலோ திரை தொங்கும். திரைக்குள்ளே நெருங்கிய உறவினரும் குளிப்பாட்டத் தெரிந்தோரும் ஆக மிகச் சிலரே இருப்பர். அவர்கள் காணும் தழும்பையும் புண்ணையும் நிறமாற்றத்தையும் வெளியே சொல்லலாகாது என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் வகுத்த ஒழுங்கு. கண்டதை மறைப்பவர்க்குப் பெரும் மன்னிப்பு உண்டென்று ஹதீஸ் நன்மாராயம் கூறுகின்றது. கி.பி. 632இல் நபியவர்களைக் குளிப்பாட்டியவர்கள் அலீ (ரலி), அப்பாஸ் (ரலி) முதலிய குடும்பத்தாரே. மேலாடையைக் களையாமலே அவர்கள் குளிப்பாட்டினார்கள். உலகின் கண்கள் அனைத்தும் பதிந்திருந்த ஒரு வாழ்வின் முடிவிலும் திரை இருந்தது.

ஊர் அறியத்தக்கதும் திரைக்குள் இருக்கத்தக்கதும் எவையென்று நம் முன்னோர் இவ்வாறு தெளிவாகப் பிரித்தே வைத்தனர். இறந்தார் என்பது ஊருக்கு; எந்நிலையில் இறந்தார் என்பது குடும்பத்துக்கு. ஹிஜ்ரி 8இல் மூத்தா களத்தில் ஜஃபர் (ரலி) வீழ்ந்த செய்தியைக் கண்ணீருடன் அறிவித்த நபியவர்கள், அடுத்து இட்ட கட்டளை அக்குடும்பத்தாருக்கு உணவு சமைத்தனுப்புங்கள் என்பதே. துயர வீட்டுக்கு ஊர் கொண்டு செல்ல வேண்டியது சோற்றுச் சட்டி. இவ்வழக்கம் நம் ஊர்களில் இன்றும் நிலைத்துள்ளது. ஆனால் சட்டியோடு கேள்விகளையும் சேர்த்துக் கொண்டு செல்லப் பழகிவிட்டோம்.

குற்றம் நிகழ்ந்த இடத்தில்

இவ்வாறு கூறும்போது ஒரு மறுப்பு எழுவது இயல்பு. இறந்தவரை ஒருவர் கொன்றிருந்தால்? அப்போதும் திரையா? இல்லை. உயிரைப் பறித்த கை ஒன்று இருக்குமாயின், மரணத்தின் காரணம் குடும்பத்தின் இரகசியமாக நில்லாது. அது நீதிக்கு உரிய சாட்சியமாகிவிடும். கி.பி. 644இல் தொழுகையில் குத்துண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தம்மைத் தாக்கியவர் யாரென அறிந்து வரும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைப் பணித்தார்கள்.

அந்நிகழ்ச்சியின் பின்பகுதி நமக்கு மேலும் முக்கியமானது. கொலையாளியோடு வேறு சிலர் சேர்ந்திருக்கக் கண்டதாக ஒரு பேச்சு எழுந்தது. அப்பேச்சை விசாரிக்கும் முன்னரே உமர் (ரலி) அவர்களின் மகன் உபைதுல்லாஹ், பாரசீகரான ஹுர்முஸானையும் வேறு இருவரையும் வெட்டி வீழ்த்தினார். அவ்விருவருள் ஒருத்தி கொலையாளியின் சிறு பெண். நிரூபிக்கப்படாத ஒரு சொல் மேலும் மூன்று உயிர்களைக் குடித்தது. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் முன் வந்த முதல் வழக்குகளுள் இதுவும் ஒன்று. அவர்கள் குருதிப் பணம் கொடுத்து அதனைத் தீர்த்தார்கள். மரணத்தின் காரணத்தைத் தேடுவது நீதியின் பணி. நீதியைப் பின்தள்ளிவிட்டு ஆவலும் ஆத்திரமும் அப்பணியை மேற்கொண்டால் இரண்டாவது கொலை நிகழும்.

இலங்கை ஒலிபரப்பாளர் சிலரின் முடிவு இவ்வுண்மையை நம் காலத்தில் காட்டுகின்றது. தமிழக மக்களின் செவியைக் கவர்ந்த கே.எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். கொன்றவர் யார் என்பதற்கு ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு பெயரைச் சொல்லிற்று. அவரவர் அரசியலுக்கேற்ற கதை அவரவரிடம் நிலைத்தது. அவர் குரலை நேசித்த இலட்சக்கணக்கானோர் அக்கதைகளை ஆவலோடு கேட்டனர். கதைகள் பெருகினவேயன்றி நீதி கிட்டவில்லை.

1990 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலையில் இலங்கைத் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளரும் பத்திரிகையாளரும் நடிகருமான ரிச்சர்ட் டி சொய்சா அவருடைய வீட்டிலிருந்து ஆயுதம் தாங்கியோரால் கடத்தப்பட்டார். அவர் உடல் மொறட்டுவைக் கடற்கரையில் கண்டெடுக்கப்பட்டது. அவருக்கு வயது 31. தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அவருடைய தாயார் டாக்டர் மனோராணி சரவணமுத்து வீட்டுக்குள் கதவடைத்து அழுதிருக்கலாம். அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. அவர் வேறு வழியைத் தேர்ந்தார். அதே ஆண்டு மே மாதம் தொலைக்காட்சிச் செய்தியில் தோன்றிய ஒரு காவல்துறை அதிகாரியைக் கண்டு, மகனைக் கடத்தியோருள் அவரும் ஒருவர் என்று அடையாளம் கூறினார். காணாமற்போன ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்களின் தாய்மாரோடு அன்னையர் முன்னணியில் சேர்ந்து அதற்குத் தலைமை தாங்கினார். 2001இல் அவர் காலமானார். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட காவல்துறையினர் மூவரும் 2005இல் விடுவிக்கப்பட்டனர்.

2000 அக்டோபர் 19ஆம் நாள், பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு வேளையில் அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோரும் காயமுற்றனர். இம்மூவரின் மரணத்திலும் மறைக்க முயன்றோர் கொலையாளிகள். வெளிப்படுத்த வேண்டுமென நின்றது நீதி. ‘குடும்பத்தின் தனிமை’ என்னும் பெயரால் இத்தகைய மரணங்களை மூடிவிடுவது அநீதிக்குத் துணைபோவதாகும்.

தாமே திரையை விலக்கியவர்

நோயினால் இறக்கும் ஒலிபரப்பாளரின் நிலை வேறு. இதற்கும் ஒரு தமிழரின் வாழ்வே சான்றாக உள்ளது. 1955இல் கொழும்பில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்து, கானா நாட்டில் வளர்ந்து, இங்கிலாந்தில் பி.பி.சி. தொலைக்காட்சியின் மாலைச் செய்தியை ஆண்டுக்கணக்கில் வழங்கிய ஜார்ஜ் அழகையா 2014இல் தமக்குக் குடற்புற்றுநோய் இருப்பதை அறிந்தார். அவர் அதனை ஒளிக்கவில்லை. சிகிச்சைக்குச் செல்வதையும் மீண்டும் நோய் திரும்பியதையும் வெளிப்படையாகச் சொன்னார்.

அவர் அதனைச் சொன்னதற்கு ஒரு பயனும் இருந்தது. அக்காலத்தில் ஸ்காட்லாந்தில் 50 வயதிலும் இங்கிலாந்தில் 60 வயதிலும் இந்நோய்க்கான முன்சோதனை தொடங்கிற்று. தாம் 50 வயதில் சோதிக்கப்பட்டிருந்தால் நோய் முன்னரே தெரிந்திருக்கக் கூடும் என்பதை எடுத்துக்காட்டி, அவர் வயதைக் குறைக்கக் கோரினார். 2021 முதல் இங்கிலாந்தில் அவ்வயது படிப்படியாக 50 வரை குறைக்கப்பட்டது. 2023 ஜூலை 24ஆம் நாள், 67ஆம் வயதில் குடும்பத்தார் சூழ அவர் மறைந்தார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, திரையை விலக்கிய கை யாருடையது என்பதே. நோயுற்றவரே தம் விருப்பத்தால் அதனை விலக்கினார். எவ்வளவு விலக்குவது என்பதையும் அவரே தீர்மானித்தார். அவர் பேசினார் என்பதற்காக மற்றோரும் பேசியாக வேண்டும் என்று எவரும் வற்புறுத்த இயலாது. நோயைச் சொல்லாமல் இறப்பவர் குற்றம் எதனையும் செய்துவிடவில்லை. சொல்லாமைக்குக் காரணங்களும் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனாவினால் இறந்த ஒரு மருத்துவரைச் சென்னையில் அடக்கம் செய்யச் சென்றோர் மீது கல்லெறி விழுந்ததை நாடறியும். இறப்பின் காரணம் ஊருக்குத் தெரிந்ததனாலேயே இறந்தவர்க்கு ஆறடி மண் மறுக்கப்பட்டது. அந்நாள்களில் மதம் பாராது, அஞ்சாது உடல்களை ஏற்று நல்லடக்கம் செய்த முஸ்லிம் தொண்டர்களை நம் சமுதாயம் என்றும் நினைவில் வைக்கும்.

நசரத்பேட்டை தரும் பாடம்

நம் காலத்தில் இந்தச் சிக்கல் முழு உருவில் தோன்றியது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். தொலைக்காட்சித் தொகுப்பாளராகத் தொடங்கி, நெடுந்தொடரில் நடித்துப் பெரும்புகழ் பெற்ற சித்ரா, 2020 டிசம்பர் 9ஆம் நாள் பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில் ஒரு விடுதியில் இறந்து கிடந்தார். வயது 28. திருமணப் பதிவு நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பெற்றோர் மரணத்தில் ஐயம் எழுப்பி விசாரணை கோரினர்.

அவ்வாறு கோரும் உரிமையைச் சட்டமே அளித்துள்ளது. மணமாகி ஏழாண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்துக்குரிய நிலையில் இறந்தால் தனி விசாரணை வேண்டும் என்னும் ஏற்பாடு 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது. வீட்டுக்குள்ளேயே குற்றம் நிகழ்ந்திருக்கக் கூடும். ‘குடும்ப விவகாரம்’ என்ற திரையே அதனை மறைத்துவிடக் கூடும் என்பதை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடு அது. அதன்படி வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணை நடந்தது, காவல்துறையும் விசாரித்தது, கணவர் கைது செய்யப்பட்டார், வழக்கு நீதிமன்றம் சென்றது. 2024 ஆகஸ்டில் திருவள்ளூர் மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தது.

விசாரணைக்கும் தீர்ப்புக்கும் இடையே மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல் ஓடின. மக்களின் ஆவலோ அவ்வளவு பொறுக்கவில்லை. கோட்டாட்சியரின் அறிக்கை எழுதப்படும் முன்னரே, சின்னத்திரையிலும் கைபேசித் திரைகளிலும் தீர்ப்புகள் வந்துவிட்டன. அப்பெண்ணின் நட்பு, வரவு செலவு, நடத்தை ஆகிய அனைத்தும் சந்தியில் வைத்து அலசப்பட்டன. சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யாதோரின் சொற்கள் சாட்சியங்களாயின. பெற்றோர் கேட்டது விசாரணை. ஊர் வழங்கியது வேடிக்கை. இரண்டும் ஒன்றெனக் கருதுவதே பெரும் பிழை.

அதே ஆண்டு ஜூன் மாதம் பம்பாயில் இறந்த இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் மரணத்திலும் இதுவே நடந்தது. 2021 ஜனவரி 18ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம், ஊடகங்கள் நடத்தும் விசாரணை நீதி நிருவாகத்தில் குறுக்கிடுவதாகும் எனக் கண்டித்து, தற்கொலை தொடர்பான மரணங்களில் செய்தியாளர் கடைப்பிடிக்க வேண்டிய வரம்புகளை வகுத்தது. துருவித் துருவி ஆராயாதீர்கள், புறம் பேசாதீர்கள் என்று ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் விதித்ததையும், புறம் பேசுவதை அவ்வசனம் எத்தகைய அருவருப்பான உண்ணலுக்கு ஒப்பிட்டது என்பதையும் நம் வாசகர்கள் நன்கறிவர்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இந்நாட்டுச் சட்டத்திலும் அந்தத் திரை உண்டென்பதைப் பலர் அறியார். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, இறுதி நோயில் மருத்துவம் பார்த்த மருத்துவர் மரணத்தின் காரணத்தைச் சான்றளிக்க வேண்டும். நாட்டின் நோய்க் கணக்குக்கு அது தேவை. ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, பதிவேட்டிலிருந்து எவர்க்கேனும் வழங்கப்படும் இறப்புப் பகர்ப்பில் அக்காரணம் வெளிப்படலாகாது என்று கட்டளையிட்டது. நம் கைக்கு வரும் இறப்புச் சான்றிதழில் பெயரும் நாளும் இடமும் இருக்கும், காரணம் இராது. அரசு அறிய வேண்டியது வேறு, அடுத்த வீட்டார் அறிய வேண்டியது வேறு என்று சட்டம் பகுத்தது.

1994 அக்டோபரில் உச்சநீதிமன்றம், ‘நக்கீரன்’ இதழ் தொடர்பான வழக்கில், ஒருவரின் இல்லறம், மணம், குடும்பம் முதலியவற்றை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்றும், நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டென்றும் கூறிற்று. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. ஆயினும் 2021இல் சென்னை உயர்நீதிமன்றம், முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவின் வாழ்க்கை பற்றிய திரைப்பட வழக்கில், ஒருவர் வாழ்நாளில் பெற்ற புகழும் தனிமையுரிமையும் அவரோடு முடிந்துவிடும், வாரிசுகளுக்குச் சொத்தாகச் சேரா என்று தீர்த்தது.

சட்ட நோக்கில் அத்தீர்ப்புக்குக் காரணங்கள் உண்டு. இறந்தோரைப் பற்றி எவரும் எழுதவே இயலாதென்றால் வரலாறு ஏது? அவ்வம்மையாரின் மரணம் பற்றியே அரசு ஆணையம் அமைத்து, அதன் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. நாட்டை ஆண்டவரின் உடல்நிலை நாட்டு விவகாரம். செய்தி வாசித்தவரின் உடல்நிலை அவ்வாறன்று. மேலும், சட்டம் முடிந்த இடத்தில் மார்க்கம் முடிந்துவிடுவதில்லை. இறந்தவரின் எலும்பை முறிப்பதை உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு நிகராக நபிமொழி வைத்துள்ளது. இறந்த பின்னும் கண்ணியம் தொடர்கின்றது என்பதே அதன் கருத்து. குற்றத்தைக் கண்டறியத் தேவையான இடத்தில் உடற்கூறு ஆய்வை அறிஞர் பலர் அனுமதித்ததும் இதே அளவுகோலால்தான். தேவை கத்தியை அனுமதிக்கும். ஆவல் அதனை அனுமதிக்காது. அன்றியும், இறந்தவரின் உரிமை முடிந்தாலும் அவருடைய தாயின் செவி முடிந்துவிடவில்லை. மகளின் கண் மூடிவிடவில்லை.

புகழற்றோரின் மரணம்

இதே மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில், தேர்வாய் கண்டிகை உள்ளது. கால்நடை மேய்ந்த நிலத்தில் ஊரார் எதிர்ப்பையும் மீறிச் சிப்காட் தொழிற்பூங்கா எழுந்த ஊர் அது. சென்னைக்குக் குடிநீர் தரும் கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பர் 21ஆம் நாள் அங்குத் திறந்துவைக்கப்பட்டது. அவ்வட்டாரத் தொழிற்கூடங்களில் உள்ளூராரோடு, வடநாட்டிலிருந்து வந்த இளைஞரும் உழைக்கின்றனர்.

நாம் இதுவரை பேசியதை இவ்வூரில் வைத்துப் பார்த்தால் படம் தலைகீழாகின்றது. எந்தத் தொழிற்பேட்டையிலும் உலையருகிலோ இயந்திரத்திலோ ஒரு தொழிலாளி இறந்தால், ‘எப்படி?’ என்று இலட்சம் பேர் கேட்பதில்லை. ஒரே ஒரு குடும்பம் கேட்கின்றது. அதுவும் பீகாரிலோ ஒடிசாவிலோ ஒரு சிற்றூரிலிருந்து, தொலைபேசி வழியே, மொழி தெரியாமல் கேட்கின்றது. விபத்து மரணத்தை நிருவாகம் ஆய்வாளர்க்கு அறிவித்தே ஆக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 1923ஆம் ஆண்டுச் சட்டமே உறுதி செய்தது. மரணத்தின் காரணம் எழுத்தில் பதிவாவதைப் பொறுத்தே விதவைக்கு அந்த இழப்பீடு கிட்டும். அடுத்த தொழிலாளி பிழைப்பதும் அதைப் பொறுத்ததே.

ஆக, தெரிந்தே தீர வேண்டிய காரணங்களைக் கேட்க ஆளில்லை. தெரியவே வேண்டாத காரணங்களைக் கேட்க ஊரே திரள்கின்றது. பள்ளிவாசலைக் கூட்டியவரின் மரணத்தை ஏன் அறிவிக்கவில்லை என்று நபியவர்கள் கேட்ட கேள்வி இங்கு நம் நெஞ்சைச் சுட வேண்டும். ‘எப்படி?’ என்னும் வினாவை நாம் கைவிட வேண்டியதில்லை; அதைத் தொடுக்க வேண்டிய இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். துயர வீட்டின் வாசலில் கேட்பதை விடுத்து, அதிகாரத்தின் வாசலில் கேட்பதே முறை.

நாம் செய்யத்தக்கவை

நம் சமுதாயத்தின் பெருமைக்குரிய ஒலிபரப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்தி பரவியதும், தாம் நலமுடன் இருப்பதை அவரே தம் குரலில் உலகுக்கு அறிவிக்க நேர்ந்ததும் யாவரும் அறிந்தவை. அச்செய்தியைக் கைபேசியில் பெற்று, ஒரு கணமும் தாமதியாது பிறர்க்கு அனுப்பியவர்கள் அவருடைய பகைவரல்லர், அவரை நேசித்தவர்களே. நேசமும் விசாரியாத அவசரமும் சேர்ந்தால், உயிருள்ள மனிதரின் வீட்டிலேயே அழுகைக் குரல் எழுப்பிவிட முடியும் என்பதற்கு அது சான்று.

ஆகவே ஜமாஅத்துகளும் தனிமனிதரும் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளலாம். இறப்புச் செய்தியைக் குடும்பத்தாரிடம் உறுதி செய்த பின்னரே பரப்புதல். மோதினாரின் அறிவிப்பில் பெயர், உறவு, தொழுகை நேரம், அடக்கத்தலம் ஆகியவை போதும் எனக் கொள்ளுதல். மய்யித்தின் முகத்தையோ மருத்துவமனைக் கட்டிலையோ படம் பிடித்து அனுப்பாதிருத்தல். குடும்பத்தார் தாமாகச் சொன்னால் பொறுமையோடு கேட்டல், சொல்லாவிடில் கேளாதிருத்தல். மரணத்தில் ஐயம் இருந்தால் அதனைத் தெருவில் பேசாது, எழுத்தில் அதிகாரியிடம் கொடுத்து, சாட்சி சொல்ல முன்வருதல். கடைசியாகச் சொன்னதே கடினமானது. நூறு பேர் ஐயத்தைப் பேசுவர். கையொப்பமிட ஒருவர் வரார்.

பிறர் வீட்டுள் புகுமுன் அனுமதி கேட்குமாறும், திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் மனம் கோணாது திரும்பிவிடுமாறும் நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கின்றது. ஒலிபரப்பாளர் தம் வாழ்நாளெல்லாம் நம் வீட்டுக்குள் வந்தது நாம் வானொலியைத் திருகி அனுமதித்ததனாலேதான். நாம் நிறுத்தியபோதெல்லாம் அவர் முணுமுணுப்பின்றி வெளியேறினார். அவருடைய வீட்டு வாசலில் நாம் நிற்கும் நாளில், கதவு சாத்தியிருக்குமாயின், அவர் கடைப்பிடித்த அதே நாகரிகத்தை நாமும் அவர்க்குத் திருப்பிச் செலுத்துவோம். வாசலில் நின்றே துஆச் செய்யலாம். கதவின் அப்புறத்து இரகசியங்களை அல்லாஹ் அறிவான், அவனே போதுமானவன்.